சிந்து காட்டிய இரண்டு படங்கள்

எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு டாக்டர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். இந்த ஊரில் கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால்தான் அதிகமாகச் சிரிப்பார்கள். அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் மகள் சிந்துவுக்கு அப்போது ஒன்பது வயது. பிறக்கும்போது மூளைக்குப் போக வேண்டிய மூச்சுக்காற்று கொஞ்ச நேரம் போகவில்லை. அதனால் வந்ததுதான் செரிப்ரல் பால்சி. புத்தியில் குறை கிடையாது. தசைகள்தான் மூளை சொன்னபடி கேட்காது. முறுக்கின கயிறு போல எப்போதும் இறுகியே இருக்கும். அப்படி இறுகிய தசை வருடக்கணக்கில் இழுத்ததில், வலது தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. எலும்பை வெட்டித் திருப்பி, தகடு வைத்து முடுக்கி, குழிக்குள் உட்கார வைக்க வேண்டும், இப்போது விட்டால் பிறகு நாற்காலியில் உட்காரக்கூட முடியாது என்றார் டாக்டர்.

என் கணவர் சண்முகம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நாங்கள் குடியிருக்கும் சுகர் லேண்டுக்குத் திரும்பும்போது ஃப்ரீவேயில் வைத்து மெல்லக் கேட்டேன்.

"ஏனுங்க, இன்னொரு டாக்டர்கிட்டக் காட்டலாமுங்களா? இந்தாளு ரொம்ப அவசரப்படறாப்ல இருக்குது."

"அவரு பெரிய டாக்டர், ஈஸ்வரி. மெடிக்கல் சென்டர்ல அவருக்கு மேல ஆளில்லை."

"பெரிய டாக்டர்ங்கறதாலதான் பயமா இருக்குதுங்க."

"உனக்கு எதுதான் பயமில்லை? ஊர்ல பால்காரன் சிரிச்சாலே தண்ணி கலந்துட்டான்னு சொன்னவதானே நீ."

"கலந்துதானுங்க இருந்தான்."

அவர் இன்னொரு டாக்டரிடமும் கூட்டிப் போனார். அந்த டாக்டரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் ஒரே காலேஜில் படித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்தில் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் கூடுகிற இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதை எழுதச் சொன்னது மாலதி அக்கா. வாய் பேச வராத குழந்தைகளைப் பெற்ற நம் ஊர்க்காரர்களை இங்கே சேர்த்து வைத்துப் பேசுகிறவர். "மீட்டிங்ல பேசச் சொன்னா நீ பாத்ரூமுக்குள்ள போய் உட்கார்ந்துக்குவே. எழுதியாவது குடு" என்றார். அவரைப் பற்றியும் வரும்.

சிந்துவுக்குச் சத்தம் வரும், சொல் வராது. நாங்கள் பேசும் தமிழும் புரியும், ஸ்கூலில் பேசும் இங்கிலீஷும் புரியும். ஆமாம் என்றால் கண்களை மேலே உயர்த்துவாள். இல்லை என்றால் இறுக மூடிக்கொள்வாள். அதற்கு மேலே சொல்வதற்காக, ஸ்கூலில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் ஒரு படப்பலகை செய்து கொடுத்திருந்தார். பிளாஸ்டிக் தட்டு, அதில் ஒட்டவும் பிய்க்கவும் வருகிற சின்னச் சதுரப் படங்கள். தண்ணீர், அம்மா, அப்பா, டிவி, கார், ஷூ, வீடு. மடக்கின இடது கை முட்டியால் சிந்து எந்தப் படத்தைத் தொடுகிறாளோ அதுதான் அவள் பேசியது. தொட்டால் குரல் கொடுக்கும் மிஷின்களும் உண்டு. அது தேவையில்லை என்று இன்ஷூரன்ஸில் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பலகையை நான் நம்பவில்லை. படத்தைத் தொட்டாலே தண்ணீர் வந்துவிடும் என்றால் குழந்தை எதற்காகக் கஷ்டப்பட்டு வாயைத் திறக்கப் போகிறது? கொஞ்சநஞ்சம் வருகிற சத்தத்தையும் இது அடைத்துவிடும் என்று நினைத்தேன். மிஸ் பக்கத்தில் இருக்கும்போது சிந்து நன்றாகத் தொடுவாள். மிஸ் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருப்பார். தாங்குகிறாரா, தள்ளுகிறாரா என்று நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மிஸ் கொடுத்தனுப்பிய படங்களில் அழுகிற முகம் ஒன்று இருந்தது. அதற்கு வலி என்று அர்த்தம். குறுக்குக் கோடு போட்ட கை என்றால் வேண்டாம். இன்னும் காய்ச்சல், கோபம், பிடிக்கவில்லை என்றெல்லாம் இருந்தன. எங்கள் வீட்டில் கடைக்குக் கிளம்புகிறவர்கூடப் 'போறேன்' என்று சொல்ல மாட்டார், 'போயிட்டு வர்றேன்' என்பார். அரிசி தீர்ந்துபோனால் 'நெறஞ்சிருக்குது' என்போம். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டோம், குளிர வைக்கச் சொல்வோம். ஒன்பது வருடம் ஒரு சொல்லும் வராத குழந்தை முதன்முதலாகப் பேசத் தொடங்கும்போது வலி, காய்ச்சல், வேண்டாம் என்றா தொடங்குவது? வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் அவள் கை அதன்மேல் பட்டுவிட்டால்? அந்தப் படங்களை எல்லாம் பிய்த்து எடுத்துவிட்டேன். அந்த இடங்களில் மயில், பிறந்தநாள் கேக், பிள்ளையார் என்று ஒட்டினேன். என் கணவர் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்குது" என்றார். மிஸ்ஸிடம் இரண்டு பேரும் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள், சளி இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் குழந்தையின் பெயரையும் பிறந்த தேதியையும் முதலில் கேட்டார்கள். முன்னால் வந்தவர் எழுதிக்கொண்டு போனதை அடுத்தவர் நம்பவில்லை போலிருக்கிறது. அது ஒன்றுதான் அந்த ஆஸ்பத்திரியில் எனக்குப் பிடித்தது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா, முகமூடியில் ஸ்ட்ராபெரி வாசனை வேண்டுமா, பபிள்கம் வாசனை வேண்டுமா என்று சிந்துவிடம் கேட்டார். அவள் கை எழும்பும் முன்பே நான் ஸ்ட்ராபெரி என்றேன்.

காத்திருக்கும் அறையில் டிவி ஓடிக்கொண்டே இருந்தது. எதிர் வரிசையில் ஒரு மெக்ஸிகோக் குடும்பம் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் படிக்காத பத்திரிகையைப் புரட்டினார். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் வருகிறவரின் முகத்தைப் பார்ப்பேன், சிரிக்கிறாரா என்று. கடைசியில் டாக்டர் வந்தார். சிரிக்கவில்லை, களைத்திருந்தார். நல்லபடியாக முடிந்தது என்றார்.

சிந்துவின் இரண்டு கால்களிலும் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. கால்கள் அசையாமலிருக்க இரண்டு கட்டுக்கும் நடுவில் ஒரு கட்டையை வைத்து இணைத்திருந்தார்கள். முதுகில் ஒரு மெல்லிய குழாய் போட்டு அதன் வழியாக மருந்து போய்க்கொண்டிருந்தது. அது இருக்கும்வரை இடுப்புக்குக் கீழே வலி தெரியாது. அந்த நாட்கள் அமைதியாகப் போயின. என் கணவர் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய் ரசம் வைத்து பிளாஸ்க்கில் எடுத்து வருவார். அதற்கு முன் அடுப்பு பற்ற வைத்தே அறியாதவர். ஒரு நாள் உப்பு இருக்காது, மறுநாள் இரண்டு நாள் உப்பும் சேர்ந்து இருக்கும். நான் கடைசிச் சொட்டு வரை குடிப்பேன்.

குழாயை எடுத்தார்கள். அழுகை ஆரம்பித்தது.

அது இடுப்பு வலி என்றார்கள். பிறகு ஸ்பாஸம் என்றார்கள். அதாவது தசை தன்னால் சுண்டி இழுப்பது. எங்கள் சிந்து மாதிரிக் குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சாதாரணமாக வருவதாம். அதற்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். குடித்தால் தூங்குவாள், விழித்தால் அழுவாள். பகல் நர்ஸ் டெபி நல்ல பெண்தான். ஆனால் அந்த மருந்தை அவள் கொண்டுவரும் வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. அழுகையை நிறுத்துவது யாருக்காக என்று தோன்றியது.

விழித்திருக்கும் நேரத்தில் சிந்து பலகையைப் பார்ப்பாள். எடுத்து வைத்தால் ஷூ படத்தைத் தொடுவாள். பிறகு சூடு. சூடு என்பது ஆவி பறக்கும் கப் படம். சாப்பாட்டு வரிசையில் இருந்தது. மறுபடியும் ஷூ, மறுபடியும் சூடு.

டெபி காய்ச்சல் பார்த்தாள். இல்லை. ஏசியைக் கூட்டினாள், ஐஸ் துண்டு கொடுத்தாள். எனக்கு வேறு மாதிரி புரிந்தது. எங்கள் வீட்டில் ஷூ போட்டால் வெளியே கிளம்புகிறோம் என்று அர்த்தம்.

"வீட்டுக்குப் போகணுமா அம்மிணி? கட்டுப் பிரிக்காம எப்படிச் சாமி போறது?"

சிந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கோபித்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஆஸ்பத்திரி சோஷியல் ஒர்க்கர் வந்து, உங்களைப் போல ஒரு தாயை அனுப்பட்டுமா, பேசிக்கொண்டிருக்கலாம் என்றார். இங்கிலீஷில் யார் எதைக் கேட்டாலும் ஓகே சொல்லிவிடுவது என் பழக்கம். சொல்லிவிட்டுத்தான் பயந்தேன். குழந்தையைச் சரியாகப் பார்க்காத வீட்டிலிருந்து பிள்ளையை இங்கே அரசாங்கமே தூக்கிக்கொண்டு போய்விடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். வேவு பார்க்க ஆள் அனுப்புகிறார்களோ?

வந்தவர் சல்வார் கமீஸும் பெரிய கைப்பையுமாக நம் ஊர்க்காரராக இருந்தார். அது இன்னும் மோசம். இங்கே பார்த்தது ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் முழுக்கப் போய்விடும். அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்றும் இருந்தது. அந்தக் காலத்தில் இந்தியன் கடையில் முன்பின் தெரியாத தமிழர் ஒருவர் சிரித்துப் பேசி போன் நம்பர் வாங்கினால், அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து காகிதத்தில் வட்டம் வட்டமாகப் போட்டு, தனக்குக் கீழே சேர்ந்து சோப்பும் வைட்டமினும் விற்கச் சொல்வார்.

"நான் மாலதி. மெட்ராஸ். என் பையனும் சிந்து மாதிரிதான். மிஷின்ல பேசுவான். பதினாறு வயசு, வாயாடி" என்றார்.

"சரிங்க."

"சாப்டீங்களா?"

"ஆச்சுங்க."

"தூங்கினீங்களா?"

"ஆச்சுங்க."

"பொய்யி. கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி இருக்கு."

நான் போர்வையை உதறி மடித்தேன். பிறகு கேட்டே விட்டேன். "உங்களுக்கு இதுக்குச் சம்பளம் குடுப்பாங்களுங்களா?"

"பார்க்கிங் காசு கட்ட வேணாம்னு சீட்டுல முத்திரை குத்திக் குடுப்பாங்க, அவ்ளோதான்."

"அப்புறம் எதுக்குங்க வர்றீங்க?"

என் முகத்தையே பார்த்தார். சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "சோப்பு விக்க வந்தேன்னு நினைச்சுட்டீங்க, இல்லே? இருங்க, பையைக் காட்டறேன்." நிஜமாகவே கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்தார். வாழைப்பழம், டிஷ்யூ, மார்க்கர் பேனாக்கள், டேப், ஒரு பாதி முறுக்குப் பாக்கெட். "என் பையனுக்கு அப்பெண்டிக்ஸ் வெடிச்சப்போ இதே மாதிரி ஒரு ரூம்ல நான் தனியா உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆள் வரலை. அதான் வரேன். நம்பலைன்னாலும் பரவாயில்லை, முறுக்கு சாப்பிடுங்க."

பிறகு நாற்காலியைக் கட்டில் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு சிந்துவிடம் பேசினார். வெறும் வாயால் பேசவில்லை. பேசப் பேச அவரும் படங்களைத் தொட்டார். "உங்க அம்மா," அம்மா படம், "என்னை டிவில பார்க்கற வில்லி மாதிரி பார்க்கறாங்க," டிவி படம். சிந்து அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பெரியவர்கள் யாரும் அதுவரை அவளுடைய பலகையில் அவளோடு பேசியதில்லை. மாலதி அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். நான் என்னவோ சொல்லப் போனேன். "ஷ்! அவ டர்ன்" என்றார்.

சிந்துவின் கை நடுங்கி நடுங்கி நகர்ந்தது. ஷூ. சூடு.

"வெளியே போகணுமாடா? வெயிலுக்கு?"

சிந்து கண்ணை மூடினாள். கண்ணோரம் நீர் வழிந்தது.

"ச்சே, தப்பாக் கேட்டுட்டேன். ஆமா, இதுல வலி எங்கே? நோ எங்கே?"

"எடுத்துட்டனுங்க."

"எதுக்கு?"

சொன்னேன். விளக்கு, வெள்ளிக்கிழமை, முதல் சொல் எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"எங்க வீட்லயும் அப்படித்தான். ஆனா உங்க கால்ல அம்மி விழுந்தா நீங்க ஐயோன்னு கத்துவீங்களா மாட்டீங்களா? இவ கத்தினா ஸ்பாஸம்னு தூக்க மருந்து குடுக்கறாங்க. எதுல சொல்லுவா? மயில்லயா?"

எனக்குச் சுருக்கென்றது. "கண்ட வார்த்தையும் குழந்தை கையில குடுக்க முடியுமுங்களா?" என்றேன்.

"நான் குடுத்தேனே. கெட்ட வார்த்தை வேணும்னு என் பையன் அடம் பிடிச்சான். மிஷின்ல ரெண்டு போட்டுக் குடுத்தேன். கோயில்ல பிரசாத லைன்ல நின்னுட்டு அமுக்கிட்டான்."

"அய்யய்யோ!"

"குருக்கள் புளியோதரையைக் கீழே போட்டுட்டார். பதினாறு வயசுப் பையன் பின்ன என்ன, தேவாரமா பாடுவான்?"

சிந்து சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு உடம்பு முழுக்க வரும். கட்டு இழுத்து வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது, ஆனாலும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. மாலதி அக்கா டிஷ்யூ பெட்டி அட்டையைக் கிழித்து அழுகிற முகம் ஒன்றும் குறுக்குக் கோடு போட்ட கை ஒன்றும் வரைந்து பலகையில் ஒட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் பிய்த்துவிடத்தான் கையைக் கொண்டு போனேன். சிந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். மறுபடியும் ஷூ, மறுபடியும் சூடு. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த இரண்டு படங்களும் பலகையில் இடது ஓரத்தில், அவள் கைக்குக் கிட்டத்தில் இருந்தன. எது கிட்டத்தில் இருக்கிறதோ அதைத் தொடுகிறாள், அதற்குப் போய் எல்லாரும் அர்த்தம் கண்டுபிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஷூவைப் பிய்த்து வலது மேல் மூலையில் ஒட்டினேன். சூட்டைக் கீழே கொண்டு போனேன். அவள் கைப்பக்கம் பிள்ளையாரையும் கேக்கையும் வைத்தேன். முழங்கையைத் தொடாமல் தள்ளி நின்றுகொண்டேன்.

சிந்து பலகையைப் பார்த்தாள். கண் ஒவ்வொரு படமாகத் தேடியது. கை கிளம்பியது, கேக்கைத் தாண்டியது, வழியில் இழுத்துக்கொண்டு போய்த் தட்டின் விளிம்பில் முட்டியது, திரும்பியது. மூலையில் இருந்த ஷூவின் மேல் வந்து நின்றது. பிறகு கீழே இறங்கிச் சூடு. பிறகு மாலதி அக்கா ஒட்டிய அழுகிற முகம்.

எல்லாவற்றையும் பிய்த்து மறுபடி மாற்றி ஒட்டினேன். அவளுக்கு வியர்த்தது. அந்த மூன்றையேதான் தேடிப் பிடித்தாள்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஷூ வேணுமா சாமி?"

கண்ணை மூடினாள்.

"வீட்டுக்குப் போகணுமா?"

மூடினாள்.

"ஷூ போடற எடத்துலயா? காலுலயா?"

கண்கள் மேலே போயின. வெள்ளை மட்டும் தெரிந்தது.

"இந்தக் காலா? இல்ல, இதா?" வலது கட்டைத் தொட்டதும் மேலே பார்த்தாள். "விரலா?" மூடினாள். "குதிகாலா?" மேலே போன கண் கீழே இறங்கவே இல்லை.

சிந்து அத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். கால் எரிகிறது.

டெபியிடம் ஓடினேன். "ஹீல். பெயின். ஷீ டெல்" என்றேன். டெபி வந்து வலது கால் விரல்களை அழுத்திப் பார்த்தாள். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, விரல் சூடாக, சிவப்பாக இருக்கிறது என்றாள். இளம் டாக்டர் ஒருவர் வந்து அதையே சொன்னார். மாவுக்கட்டுக்குள் எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் உறுத்தும் என்றார். என் கணவர் ரசத்தோடு வந்தார்.

"டாக்டருக்குத் தெரியாததையா நீ கண்டுபுடிச்சுட்டே? சும்மா இரு ஈஸ்வரி. அவங்களை விரோதம் பண்ணிக்காதே."

"நான் கண்டுபுடிக்கலீங்க. அவ சொல்றா."

"படத்தை வெச்சுட்டா?"

கூடத்தில் இருந்த போனில் மாலதி அக்காவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொல்லி, யாரும் நம்பவில்லை என்றேன். "நீயே நேத்து வரைக்கும் நம்பலை, இல்லே? இன்னிக்கு எதனால நம்பினே?" என்று கேட்டார். படங்களை இடம் மாற்றி வைத்ததைச் சொன்னேன். "அம்மா தாயே, எனக்குக்கூட அது தோணலை. அதையே அவங்க முன்னாடி செய். நீ பேசவே வேணாம்."

திரும்பி வந்து பலகையை டெபி கையில் கொடுத்தேன். "யூ. மூவ் பிக்சர்ஸ். எனிவேர்." அவள் மரியாதைக்கு இரண்டு படத்தை மாற்றினாள். நான் தலையை ஆட்டி எல்லாவற்றையும் காட்டினேன். எல்லாவற்றையும் கலைத்து ஒட்டினாள். நான் சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டேன். என் கணவர் பிளாஸ்க்கைப் பிடித்தபடியே நின்றார். சிந்து அன்று மிகவும் களைத்திருந்தாள். ஆனாலும் தேடினாள். ஷூ. சூடு. அழுகிற முகம். டெபி மறுபடி கலைத்தாள், இம்முறை ஷூவைத் தலைகீழாகவே ஒட்டினாள். சிந்து அதையும் பிடித்தாள். டெபி வாயைப் பொத்திக்கொண்டு, "ஓ, பேபி" என்றாள். வெளியே போய்ப் பெரிய டாக்டரின் பேஜருக்கே அடித்தாள்.

கட்டு வெட்டுகிற ரம்பம் மிக்ஸி மாதிரிச் சத்தம் போட்டது. அது அதிர மட்டும்தான் செய்யும், தோலை வெட்டாது என்றார் அதைப் பிடித்திருந்தவர். நான் அவருடைய கையைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதன் பிறகுதான் குழந்தையிடம் விட்டேன். குதிகால் பக்கத்தில் ஜன்னல் மாதிரி ஒரு சதுரம் வெட்டி எடுத்தார்கள். பஞ்சை விலக்கியதும் ஒரு வாடை வந்தது. உள்ளே பஞ்சு ஒதுங்கிப்போய், குதிகால் நேராக மாவுக்கட்டில் அழுந்தி, கறுத்துச் சிவந்து புண்ணாகியிருந்தது. இன்னும் சில நாள் போயிருந்தால் எலும்பைத் தொட்டிருக்கும் என்று பெரிய டாக்டர் மெதுவாகச் சொன்னார். அன்று ராத்திரி சிந்து ஸ்பாஸம் மருந்து இல்லாமலே தூங்கினாள்.

அவள் விழித்தபோது என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் அதற்கு முன் பலகையைக் கையால் தொட்டதில்லை. விரலை வைத்து அப்பாவைத் தொட்டார், அழுகிற முகத்தைத் தொட்டார். சிந்து யோசித்துப் பார்த்துவிட்டுக் கேக்கைத் தொட்டாள். அவர் கீழே காபிக் கடைக்கு ஓடினார்.

என்னைப் போல எல்லாரையும் சந்தேகப்படுகிற தாய்மார்கள் இதைப் படிக்கலாம். அந்தக் குணத்தை விடச் சொல்லி நான் சொல்ல மாட்டேன்; நானே விடவில்லை. டாக்டரைச் சந்தேகப்படுங்கள், மருந்தை, இன்ஷூரன்ஸை, முறுக்கு கொண்டுவருகிறவரைச் சந்தேகப்படுங்கள். குழந்தை ஒன்றையே திரும்பத் திரும்பக் காட்டினால் மட்டும், அது சும்மா காட்டுகிறது என்று யார் சொன்னாலும் அப்படிச் சொன்னவரைச் சந்தேகப்படுங்கள். பலகையால் வாய் அடைத்துப்போகவும் இல்லை. சிந்துவின் சத்தங்கள் முன்பு இருந்தபடியே இருக்கின்றன, கொஞ்சம் கூடியிருக்கின்றன. நல்லது கெட்டது எல்லாப் படமும் வைத்துக் கொடுங்கள். எதைச் சொல்வது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று காலையில் பெரிய டாக்டர் வந்தார். கூட இளம் டாக்டர்கள் சிலரும் டெபியும். கட்டில் வெட்டிய ஜன்னல் வழியாகக் குதிகாலைப் பார்த்தார், இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வலி ஏதாவது இருக்கிறதா அம்மா, எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார்.

'நோ பெயின்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பலகையை எடுத்து சிந்துவின் முன்னால் வைத்தேன்.

சிந்து படங்களைப் பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்கு நேரம் ஆகும். டாக்டரின் பேஜர் கூவியது. அவர் அதைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். இப்படியே பின்னால் நகர்ந்து போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது. நான் போய் வாசலில் நின்றுகொண்டேன்.

சிந்துவின் கை டாக்டர் படத்தைத் தொட்டது. பிறகு, குதிகால் விஷயத்துக்குப் பின் நான் புதிதாக ஒட்டிய கை, கால் படங்களில் கையை. பிறகு வெகுதூரம் போய் ஐஸ்கிரீமை.

டாக்டர், கை, ஐஸ்கிரீம். டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐஸ்கிரீம் கேட்கிறாள், வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். சிந்து கண்ணை இறுக மூடினாள்.

பெரிய டாக்டர் என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் கை பட்டதும் ஐஸ் பட்டது போல அவள் தோள் சிலிர்த்ததை நான் பார்த்திருந்தேன். சொல்வதற்கு வேண்டிய இங்கிலீஷும் என்னிடம் இருந்தது. நான் சொல்லவில்லை.

"ஆஸ்க் ஹர்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பேஜர் மறுபடி கூவியது. அதை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து சிந்துவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். உள்ளங்கைகளைத் திருப்பி அவளிடம் காட்டி, "என் கையா?" என்று கேட்டார்.

சிந்துவின் கண்கள் மேலே போயின. அவர் அடுத்த கேள்வியை யோசித்தார். நான் வாசலை விட்டு நகரவில்லை.